ஷெல் ஒரு வரியை எப்படிப் படிக்கிறது?

வடசென்னையில் இன்ஜினியரிங்கோ பி.எஸ்சி. கம்ப்யூட்டரோ முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் பலருக்கு முதலில் கிடைப்பது புரொடக்‌ஷன் சப்போர்ட் வேலைதான். ஓ.எம்.ஆரில் ஏதாவது ஒரு கம்பெனி, நைட் ஷிஃப்ட், முன்னால் ஒரு கறுப்புத் திரை, அந்தப் பக்கம் ஒரு லினக்ஸ் சர்வர். ராத்திரி ஓடவேண்டிய ஜாப் ஓடியதா, ஓடவில்லையென்றால் எந்த இடத்தில் நின்றது என்று பார்த்துச் சொல்லவேண்டும். அந்த ஜாப்களில் பலவும் யாரோ எப்போதோ எழுதிவைத்துவிட்டுப் போன ஷெல் ஸ்கிரிப்ட்கள். நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்தான் ஷெல்; அந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல் ஸ்கிரிப்ட். இன்டர்வியூவில் ஷெல்லைப் பற்றிக் கேட்பதும் அதனால்தான்.

ஓ.எம்.ஆர். வரை போகாமலேயே ஷெல்லுக்கு இங்கே வேலை உண்டு. சென்னைத் துறைமுகம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களுக்கும் போய்வரும் டிரெய்லர்கள் நம் தெருக்கள் வழியாகத்தான் போகின்றன. மணலி, திருவொற்றியூர் பக்கமுள்ள கன்டெய்னர் யார்டுகளில் கேட் ரெஜிஸ்டர் என்று ஒரு பட்டியல் நாள் முழுக்க நீண்டுகொண்டே இருக்கும். சாயங்காலம் அதை வைத்துக் கணக்குக் கொடுக்கவேண்டியவர் எக்செல்லில் கண் வலிக்க எண்ணிக்கொண்டிருப்பார். ஐந்து வரி ஷெல் தெரிந்தால் அந்த வேலை ஒரு நிமிடத்தில் முடியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டையார்பேட்டையில் சில பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தருகிறேன். பலர் ஏற்கெனவே எங்காவது கோர்ஸ் முடித்துவிட்டு வருபவர்கள். நோட்டில் பக்கம் பக்கமாகக் கட்டளைகள் இருக்கும்; எல்எஸ் (ஃபைல்களைப் பட்டியலிடுவது) என்றால் என்ன, கிரெப் (ஃபைலுக்குள் சொல் தேடுவது) என்றால் என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் ஒப்பிப்பார்கள். ஆனால், ஒரு வேரியபிளுக்கு (ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயருக்கு) மதிப்புக் கொடுக்கும்போது சமக்குறிக்கு இரு பக்கமும் ஸ்பேஸ் விட்டால் ஏன் எரர் வருகிறது என்று கேட்டால் பதில் வராது. "அது ரூல்ணா" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கட்டளைப் பட்டியலைக் கொடுத்தவர்கள் ஷெல் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டியலைத் தள்ளிவைத்துவிட்டு அதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஷெல்லுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. ஒரு வரியை வாங்குகிறது. அதைச் சொல் சொல்லாகப் பிரிக்கிறது. டாலர் குறி, நட்சத்திரக் குறி போன்றவற்றை விரித்து எழுதுகிறது. பிறகு முதல் சொல்லின் பெயரில் ஒரு புரோகிராமைத் தேடிப் பிடித்து, மீதிச் சொற்களை அதன் கையில் கொடுத்துவிட்டு, அது முடியும்வரை காத்திருக்கிறது. இந்த வரிசை மனதில் ஏறிவிட்டால் 'ரூல்' என்று மனப்பாடம் செய்தவற்றில் முக்கால்வாசி தானாகவே விளங்கிவிடும்.

பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது

லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் 1969-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி இருவரும் தொடங்கியது. கட்டளை வாங்கும் பகுதியைத் தனிப் புரோகிராமாக வைக்கலாம் என்ற யோசனை அதற்கு முந்தைய மல்டிக்ஸ் திட்டத்திலேயே இருந்தது. 'ஷெல்' என்று பெயர் வைத்தவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். இதில் கவனிக்கவேண்டியது, ஷெல் கெர்னலுக்குள், அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையத்துக்குள், இருக்கும் உறுப்பு கிடையாது. எல்எஸ் போல, கிரெப் போல, அதுவும் ஒரு சாதாரணப் புரோகிராம். பிடிக்கவில்லையென்றால் யார் வேண்டுமானாலும் வேறொன்று எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொண்டார்கள்.

தாம்ப்சன் எழுதிய முதல் ஷெல் 1971-ல் வந்தது. இன்றைக்கு நாம் எழுதும் இஃப், ஃபார், வைல், கேஸ் எல்லாம் 1979-ல் யூனிக்ஸின் 7-ஆம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லின் நடை. போர்ன் அல்கால் 68 என்ற மொழியில் ஊறியவர். அந்த மொழியில் ஒரு பகுதியைத் திறக்கும் சொல்லைத் திருப்பிப் போட்டால் மூடும் சொல். அதனால்தான் இஃப் என்று திறந்தால் ஃபை என்று மூடுகிறோம். கேஸ் என்று திறந்தால் ஈசாக் என்று மூடுகிறோம். அந்தக் கணக்கில் டூ என்று திறந்தால் 'ஓடி' என்றுதானே மூடவேண்டும்? ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கட்டளை இருந்தது. ஆகவே டன் என்று வைத்தார். 1989-ல் ஜிஎன்யூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் இந்த நடையைத்தான் பின்பற்றியது.

இந்தச் சரித்திரம் தெரியாததால் இன்றும் ஒரு சிக்கல் வருகிறது. உபுண்டுவில் 2006 முதல் எஸ்எச் என்ற பெயரில் கூப்பிட்டால் வருவது டாஷ் என்ற சின்ன ஷெல், பாஷ் இல்லை. வேகமாகத் தொடங்கும் என்பதற்காக மாற்றினார்கள். பாஷுக்குத் தெரிந்த, டாஷுக்குத் தெரியாத இரட்டைச் சதுர அடைப்பை ஸ்கிரிப்ட்டில் எழுதிவிட்டு எஸ்எச் கொடுத்து ஓட்டினால் எரர் வரும். பாஷ் கொடுத்து ஓட்டினால் ஒழுங்காக ஓடும். ஆப்பிள் மேக்கில் 2019 முதல் புதுப் பயனருக்கு வருவது இசட்ஷெல். எந்த ஷெல்லுக்கு எழுதுகிறோம் என்பதை ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் #! போட்டுச் சொல்லிவிட்டால், ஸ்கிரிப்ட்டை அதன் பெயரைக் கொடுத்து ஓட்டும்போது இந்தக் குழப்பம் வராது. அந்த இரண்டு குறிகளைப் பார்த்து யாரைக் கூப்பிடவேண்டும் என்று முடிவு செய்வது கெர்னல்.

முதல் சொல் எப்போதும் கட்டளை

சமக்குறிக்கு வருவோம். எக்ஸ், ஸ்பேஸ், சமக்குறி, ஸ்பேஸ், 5 என்று எழுதினால் ஷெல் அதை மூன்று சொல்லாகப் பிரிக்கிறது. முதல் சொல் எக்ஸ். அப்படியொரு புரோகிராமைத் தேடுகிறது. கிடைக்கவில்லை. 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்கிறது. ஒட்டி எழுதினால் ஒரே சொல். நடுவில் சமக்குறி இருப்பதைப் பார்த்து, இது மதிப்புக் கொடுக்கும் வரி என்று புரிந்துகொள்கிறது. இதில் தனி விதி எதுவும் இல்லை. பிரிப்பது முதலில் நடக்கிறது, அவ்வளவுதான்.

இஃப்புக்குப் பின்னால் வரும் சதுர அடைப்பும் அப்படியே. திறப்புக் குறிக்குப் பிறகு கட்டாயம் ஸ்பேஸ் விடவேண்டும் என்று நோட்டில் அடிக்கோடிட்டு வைத்திருப்பார்கள். காரணம் கேட்டால், /யூஎஸ்ஆர்/பின் ஃபோல்டரைத் திறந்து பார்க்கச் சொல்வேன். அங்கே [ என்ற பெயரிலேயே ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கும். வேகத்துக்காக பாஷ் தனக்குள்ளேயும் ஒரு பிரதி வைத்திருக்கிறது, ஆனால் கணக்கு ஒன்றுதான்: அது இலக்கணக் குறி கிடையாது, ஒரு கட்டளை. கட்டளையின் பெயருக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி வேண்டாமா? அதைக் கண்ணால் பார்த்த பிறகு யாரும் அந்த ஸ்பேஸை மறப்பதில்லை.

நட்சத்திரக் குறியிலும் இதே சங்கதி இருக்கிறது. ஃபைலை அழிக்கும் ஆர்எம் கட்டளையைக் கொடுத்து நட்சத்திரம் போட்டால், ஆர்எம் அந்த நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. ஷெல் அதற்கு முன்பே ஃபோல்டரைப் பார்த்து, அங்கிருக்கும் (புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபைல்கள் தவிர) எல்லா ஃபைல் பெயரையும் வரிசையாக எழுதி ஆர்எம்மிடம் நீட்டிவிடுகிறது. பழைய டாஸில் இந்த வேலையை ஒவ்வொரு புரோகிராமும் தானே செய்துகொள்ளவேண்டியிருந்தது. யூனிக்ஸில் ஷெல்லே செய்துவிடுவதால் நமக்கு ஒரு நல்ல பாதுகாப்புக் கிடைக்கிறது: எதையும் அழிப்பதற்கு முன்னால் ஆர்எம் இருக்கும் இடத்தில், கொடுத்ததைத் திரையில் எழுதிக்காட்டும் எக்கோ கட்டளையைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாம். என்னென்ன பெயர் போகப்போகிறது என்று திரையில் வந்துவிடும். இதை முதல் வகுப்பிலேயே பழக்கிவிடவேண்டும்.

அப்புறம் சிடி, அதாவது ஃபோல்டர் மாறும் கட்டளை. "ஸ்கிரிப்ட்டுக்குள்ள ஃபோல்டர் மாத்தினேண்ணா, முடிஞ்சதும் பழைய இடத்துலயே நிக்குது" என்று ஒவ்வொரு குழுவிலும் யாராவது கேட்பார்கள். ஷெல் ஒரு புரோகிராமை ஓட்டும்போது கெர்னலிடம் சொல்லித் தன்னைப் போலவே இன்னொரு பிராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை) உண்டாக்கி, அதற்குள் அந்தப் புரோகிராமை ஏற்றுகிறது. ஸ்கிரிப்ட்டும் அப்படி உண்டான பிள்ளை பிராசஸில்தான் ஓடுகிறது. 'நான் எந்த ஃபோல்டரில் நிற்கிறேன்' என்பது ஒவ்வொரு பிராசஸுக்கும் சொந்தத் தகவல். பிள்ளை இடம் மாறினால் தாய் மாறாது. சிடி ஷெல்லுக்குள்ளேயே கட்டப்பட்டிருப்பதும் இதனால்தான்: தனிப் புரோகிராமாக இருந்தால் அது தான் மட்டும் இடம் மாறிவிட்டுச் செத்துப்போகும். ஸ்கிரிப்ட்டை சோர்ஸ் கொடுத்து ஓட்டினால் பிள்ளை பிராசஸ் இல்லை, இதே ஷெல் வரி வரியாகப் படிக்கும்; அப்போது இடம் மாறும்.

ஒரே ஒரு ஸ்பேஸ்

ஷெல் ஒரு வேரியபிளை விரித்த பிறகு, விரிந்து வந்ததை மறுபடியும் ஸ்பேஸ் இருக்கும் இடத்தில் வெட்டும். ஷெல் ஸ்கிரிப்ட்டில் நடக்கும் பெரும் விபத்துகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

'மணலி பட்டியல்' என்று ஒரு ஃபைல் இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பெயரை ஒரு வேரியபிளில் வைத்து, ஆர்எம்மிடம் மேற்கோள் குறி இல்லாமல் கொடுத்தால், ஆர்எம்முக்குப் போவது இரண்டு பெயர்: மணலி, பட்டியல். இரண்டும் இல்லை என்று எரர் வந்தால் தப்பித்தோம். 'மணலி' என்று வேறொரு ஃபைல் அங்கே இருந்தால் அது போயே போச்சு. வேரியபிளைச் சுற்றி இரட்டை மேற்கோள் போட்டால் ஷெல் விரிக்கும், ஆனால் வெட்டாது. ஒற்றை மேற்கோள் போட்டால் விரிக்கவே செய்யாது. இந்த இரண்டு வாக்கியத்துக்காக ஒரு முழு வகுப்பை ஒதுக்கலாம், தகும்.

உலகம் அறிந்த இரண்டு சம்பவங்கள் உண்டு. 2011-ல் பம்பிள்பீ என்ற திட்டம். லேப்டாப்பில் என்விடியா கிராஃபிக்ஸை லினக்ஸில் ஓட வைப்பது அதன் வேலை. அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டில், /யூஎஸ்ஆர்/லிப் என்று தொடங்கும் ஒரு நீண்ட பாதையை அழிக்கவேண்டிய வரியில் /யூஎஸ்ஆர் என்பதற்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. ஷெல்லுக்கு அது இரண்டு சொல். முதல் சொல் /யூஎஸ்ஆர், அதாவது கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம்கள் கிட்டத்தட்ட எல்லாமே குடியிருக்கும் ஃபோல்டர். இன்ஸ்டால் செய்தவர்களின் சிஸ்டம் அப்படியே காலியானது.

இரண்டாவது, 2015 ஜனவரியில் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் லினக்ஸ் ஸ்கிரிப்ட். ஒரு வேரியபிளில் ஃபோல்டர் பெயர், அதற்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரமும். அங்கிருப்பதையெல்லாம் அழி என்று வரி. மேற்கோள் குறியெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். ஆனால் ஒருவர் அந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தியிருந்ததால் வேரியபிள் வெறுமையானது. வெறுமைக்குப் பின்னால் சாய்கோடு வந்தால் மிஞ்சுவது /*, அதாவது கம்ப்யூட்டரின் மொத்த வேர். அவருடைய பயனர் கணக்குக்கு எதையெல்லாம் அழிக்க அனுமதி இருந்ததோ, மாட்டியிருந்த வெளி டிஸ்க் உட்பட, எல்லாம் போயிற்று. அந்த வரிக்கு மேலே எழுதியவரே 'பயமா இருக்கு' என்ற பொருளில் ஒரு குறிப்பு வேறு வைத்திருந்தார். பயப்பட்டால் போதாது, ஸ்கிரிப்ட்டின் தலையில் செட் -யூ என்று ஒரு வரி போடவேண்டும். மதிப்பே கொடுக்காத வேரியபிளைத் தொட்டால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். ஆனால் மதிப்புக் கொடுத்து அது காலியாக இருந்தால் செட் -யூ கண்டுகொள்ளாது. ஸ்டீமில் நடந்தது அதுதான். ஆகவே அழிக்கும் வரிக்கு முன்னால் 'இது காலியா' என்று தனியாகவும் சோதிக்கவேண்டும்.

ஷெல்செக் என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது. ஸ்கிரிப்ட்டை அதனிடம் கொடுத்தால் எங்கே மேற்கோள் விட்டுப்போயிருக்கிறது, எந்த அழிப்பு வரி ஆபத்தானது என்று வரி எண்ணோடு காட்டும். இப்போது பிள்ளைகள் பலர் சாட்ஜிபிடியிடம் கேட்டு ஸ்கிரிப்ட் வாங்கிவிடுகிறார்கள். வாங்கட்டும். ஷெல்செக்கில் ஒருமுறை ஓட்டிவிட்டு, ஒவ்வொரு வரியையும் ஷெல் எப்படிப் பிரிக்கும் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு ஓட்டவேண்டும் என்பது மட்டும் என் நிபந்தனை.

கேட் ரெஜிஸ்டரும் பைப்பும்

ஒரு புரோகிராம் எழுதுவதை அடுத்த புரோகிராமுக்கு அனுப்பும் பைப் என்கிற செங்குத்துக் கோடு யூனிக்ஸுக்கு 1973-ல் வந்தது. புரோகிராம்களைத் தோட்டத்துக் குழாய் போல ஒன்றோடு ஒன்று திருகி மாட்ட வழி வேண்டும் என்று பெல் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய் 1964-லேயே ஒரு குறிப்பில் எழுதியிருந்தார். அவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால் தாம்ப்சன் அதைச் செய்து முடித்தார்.

கன்டெய்னர் எண்ணில் ஆரம்பித்தால் பைப் சுலபமாகப் புரியும். டிரெய்லரின் பின்கதவில் பார்த்திருப்பீர்கள்: நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். முதல் மூன்று எழுத்து உரிமையாளரின் குறி, நான்காவது எழுத்து வகை, ஆறு இலக்கம் வரிசை எண், கடைசி இலக்கம் சோதனைக்கு. இது ஐஎஸ்ஓ 6346 என்ற உலகத் தரம். கேட் ரெஜிஸ்டரில் ஒரு வரிக்கு ஒரு கன்டெய்னர், காற்புள்ளியால் பிரித்த பத்திகள், இரண்டாவது பத்தியில் இந்த எண். இன்றைக்கு எந்தக் குறியில் எத்தனை கன்டெய்னர் வந்தது? கட் கொடுத்து இரண்டாவது பத்தியை எடுக்கவும். அதை இன்னொரு கட்டுக்கு அனுப்பி முதல் மூன்று எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளவும். வரிசைப்படுத்த சார்ட்டுக்கு அனுப்பவும். யூனிக் -சி கொடுத்து எண்ணவும். கடைசியாக இன்னொரு சார்ட், எண்ணிக்கையில் பெரியது மேலே வரும்படி. ஒரே வரி, நடுவில் நான்கு பைப்.

யூனிக்குக்கு முன்னால் சார்ட் ஏன்? யூனிக் அடுத்தடுத்து இருக்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடும். தள்ளி இருந்தால் அதற்குத் தெரியாது. அதனால் அதற்கு ஞாபகசக்தியே தேவையில்லை, கோடி வரி வந்தாலும் மூச்சு வாங்காது. பைப்பில் இருக்கும் ஐந்து புரோகிராமும் ஒன்று முடிந்து ஒன்று ஓடுவதில்லை, ஒரே நேரத்தில் ஓடுகின்றன. நடுவே கெர்னல் ஒரு சின்னத் தொட்டி வைத்திருக்கிறது. லினக்ஸில் வழக்கமாக 64 கிலோபைட். தொட்டி நிறைந்தால் எழுதுபவர் நிற்பார், காலியானால் படிப்பவர் நிற்பார்.

பைப்பின் வலிமைக்கு 1986-ல் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு கட்டுரையில் அதிகம் வரும் சொற்களைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை எழுதித்தரும்படி ஜான் பென்ட்லி தன் பத்திரிகைப் பத்திக்காகக் கணினி அறிஞர் டொனால்ட் நுத்தைக் கேட்டார். நுத் பாஸ்கலில் பக்கம் பக்கமாக, மிக அழகாக எழுதித்தந்தார். அதை மதிப்பிடும் வேலை மெக்கில்ராய்க்கு. அவர் மனதாரப் பாராட்டிவிட்டு, அதே வேலையை ஆறு கட்டளைகளைப் பைப்பில் கோத்துச் செய்து காட்டினார். டிஆர், டிஆர் (எழுத்துகளை மாற்றுவது), சார்ட், யூனிக், சார்ட், செட் (முன்பு பார்த்த செட் -யூ வேறு). நம் கேட் ரெஜிஸ்டர் வரியின் பின்பகுதி அங்கிருந்து வந்ததுதான்.

ஒரு கண்ணி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பாஷில் பைப்பின் ஒவ்வொரு துண்டும் தனிப் பிராசஸில் ஓடும். பைப்புக்குப் பின்னால் ஒரு வைல் சுற்றுப் போட்டு, அதற்குள் ஒரு வேரியபிளை ஏற்றிக்கொண்டே போனால், சுற்று முடிந்ததும் அது பழையபடி பூஜ்யமாக நிற்கும். சிடி கதைதான் இதுவும். பிள்ளை எண்ணியது தாய்க்குத் தெரியாது.

தமிழ் எழுத்து வந்தால்

சிஸ்டம் யூடிஎஃப்-8-ல் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் ஒரு முறை) இருக்கும்போது, பிரிண்ட்எஃப் கொடுத்து 'சென்னை' என்று எழுதி, எண்ணிச் சொல்லும் டபிள்யூசிக்குப் பைப் செய்யுங்கள். -சி போட்டால் பைட் கணக்கு, 18 வரும். -எம் போட்டால் எழுத்து அலகின் கணக்கு, 6. நம் கண்ணுக்கு எழுத்து மூன்றுதான். யூனிகோடில் ச, எகரக் குறி, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என்று ஆறு அலகு. யூடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பரவலாக இருக்கும் லினக்ஸ் வெர்ஷன்களில் டிஆர் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். எழுத்துக் கணக்கில் வெட்டச் சொன்னாலும் கட்டும் அப்படித்தான். தமிழ்ப் பெயரின் முதல் எழுத்தை வெட்டச் சொன்னால் மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கையில் கொடுக்கும், திரையில் கேள்விக்குறிக் கட்டம் வரும்.

அதற்காகப் பயந்து ஒதுங்கவேண்டியதில்லை. யூடிஎஃப்-8-ஐ 1992-ல் வடிவமைத்தவர்கள் அதே கென் தாம்ப்சனும் ராப் பைக்கும். ஸ்பேஸ், காற்புள்ளி, வரிமுடிவு போன்ற பழைய குறிகளின் பைட் எதுவும் வேறு எழுத்தின் நடுவில் வராதபடி கட்டியிருக்கிறார்கள். ஆகவே காற்புள்ளியில் வெட்டினால், ஸ்பேஸில் பிரித்தால், தமிழ் சேதமில்லாமல் வந்துசேரும். யார்டு ரெஜிஸ்டரில் டிரைவர் பெயர் தமிழில் இருந்தாலும் மேலே சொன்ன வரி அப்படியே ஓடும்.

அகரவரிசையில் மட்டும் எச்சரிக்கை தேவை. வேகத்துக்காகப் பலர் மொழி அமைப்பைச் சொல்லும் எல்சி_ஆல் என்ற வேரியபிளுக்கு சி என்று மதிப்புக் கொடுத்து சார்ட் செய்வார்கள். அப்போது யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கும். அதில் ந-வுக்கு அடுத்து ன வரும், ர-வுக்கு அடுத்து ற வரும். புள்ளி வைத்த மெய் உயிர்மெய்க்கெல்லாம் பின்னால் போய் நிற்கும். வாக்காளர் பட்டியல் போன்ற ஒன்றை இப்படி அடுக்கிக் கொடுத்தால் நம் பெரியவர்கள் தேடித் தேடிக் களைத்துப்போவார்கள்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, ராத்திரியில் ஓடவில்லை

ஒவ்வொரு புரோகிராமும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுவிட்டுப் போகும். 0 என்றால் சரி. வேறு எதுவானாலும் ஏதோ ஒரு வகைத் தோல்வி. 127 என்றால் அந்தக் கட்டளையே கிடைக்கவில்லை, 126 என்றால் கிடைத்தது ஆனால் ஓட்ட முடியவில்லை, 130 என்றால் யாரோ கன்ட்ரோல்-சி அடித்துவிட்டார்கள். கிரெப் தேடியது கிடைக்காவிட்டால் 1, ஃபைலையே திறக்க முடியாவிட்டால் 2. இஃப் சோதிப்பது இந்த எண்ணை மட்டும்தான். சப்போர்ட் வேலையில் இருப்பவருக்கு இது உயிர்நாடி; 'ஜாப் ஃபெயில்' என்று எழுதுவதற்கும் '127, புரோகிராமின் பாதை தெரியவில்லை' என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் ஒருவரை அடுத்த நிலைக்குத் தூக்குகிறார்கள்.

அந்த 127 நள்ளிரவில் அடிக்கடி வரும். கையால் ஓட்டும்போது உங்கள் லாகின் ஷெல் பாத் என்ற வேரியபிளில், கட்டளைகளைத் தேடவேண்டிய பல ஃபோல்டர்களை நிரப்பி வைத்திருக்கும். கிரான் (குறித்த நேரத்தில் ஜாப்களைத் தானாக ஓட்டும் புரோகிராம்) ஓட்டும்போது அதெல்லாம் இல்லை, சிறிய பட்டியலோடு தொடங்கும். கட்டளைக்கு முழுப் பாதை எழுதுங்கள், அல்லது ஸ்கிரிப்ட்டின் தலையிலேயே பாத் கொடுங்கள். கிரான் அட்டவணையில் சதவீதக் குறி போட்டால் அது வரிமுடிவாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும் நினைவில் வையுங்கள். தேதி வடிவம் எழுதும் வரிகள் அங்கேதான் அடிவாங்கும்.

தேதியில் இன்னொன்று. பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை பாஷ் கணக்குப் போடும்போது எண்ம எண்ணாக (எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்ணாக) எடுத்துக்கொள்ளும். எண்மத்தில் 8, 9 கிடையாது. மாதத்தை வைத்துக் கணக்குப் போடும் ஸ்கிரிப்ட் 01 முதல் 07 வரை ஒழுங்காக ஓடிவிட்டு, ஆகஸ்ட் பிறந்ததும் 08-ஐப் பார்த்து நின்றுவிடும். எண்ணுக்கு முன்னால் 10# சேர்த்தால் தீர்ந்தது.

விண்டோஸ் நோட்பேடில் எழுதிக் கொண்டுவரும் ஸ்கிரிப்ட்டும் தொல்லை தரும். விண்டோஸ் ஒவ்வொரு வரிமுடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கூடுதலாக வைக்கிறது. முதல் வரியில் 'பாஷ்' என்று எழுதியது கெர்னலுக்கு 'பாஷ்-உம் இன்னொரு குறியும்' என்று தெரியும். அப்படியொரு புரோகிராம் இல்லை என்று கைவிரிக்கும். அந்தக் குறியை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும்.

எதில் தொடங்குவது

கம்ப்யூட்டர் இல்லை என்பது தடையாக இருக்கவேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற ஆப் போட்டால் பாஷ் கிடைக்கும், எஃப்-டிராய்டு என்ற ஆப் தளத்திலிருந்து எடுங்கள். வீட்டில் அக்காவோ அண்ணனோ வாங்கிய அரசு லேப்டாப் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. பேட்டரி போயிருந்தாலும் ஒயரை மாட்டி ஷெல் கற்க அது தாராளமாகப் போதும்.

பயிற்சிக்கு நான் கொடுப்பது கன்டெய்னர் எண்ணின் சோதனை இலக்கம். எழுத்துக்கு மதிப்பு ஏ 10-ல் தொடங்குகிறது. 11, 22, 33 ஆகிய மூன்றையும் தாண்டிவிடவேண்டும், ஆகவே பி 12. முதல் பத்து இடத்தையும் இடமிருந்து 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கிக் கூட்டவேண்டும். கூட்டலை 11-ஆல் வகுத்தால் மீதி வருவதுதான் கடைசி இலக்கம். மீதி 10 வந்தால் 0. சி, எஸ், கியூ, யூ என்ற எழுத்துகளோடு 305438 என்று இருந்தால் கூட்டல் 6185, மீதி 3. பெட்டியில் கடைசியாக 3 இருந்தால் சரி. கேட்டில் அவசரத்தில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்திருந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கேஸ், ஃபார், முழு எண் கணக்கு, வெளியேறும் எண் நான்கும் இதற்குள் வந்துவிடுகின்றன. மணலிப் பக்கம் யார்டில் வேலை பார்க்கும் அப்பா, மாமா யாராவது இருக்கும் வீடுகளில் இதைச் செய்து காட்டிவிட்டு வரும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதும் சொல்லிக்கொடுக்கவேண்டியதுதான். பாஷுக்குத் தசமக் கணக்குத் தெரியாது. வாடகை, ஜிஎஸ்டி என்று பைசா வரும் இடத்தில் ஆக் என்ற கட்டளையைக் கூப்பிடவேண்டியிருக்கும். ஜேசான் போல அடுக்குக்குள் அடுக்காக வரும் தரவை வரி வரியாகப் பார்க்கும் கருவிகளால் நம்பிப் பிரிக்க முடியாது. நூறு வரியைத் தாண்டும் ஸ்கிரிப்ட்டை வேறு மொழியில் திருப்பி எழுது என்று கூகுள் தன் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் எழுத்து விதி சொல்கிறது. நியாயமான எல்லை என்றே எனக்கும் படுகிறது. அந்தக் கட்டத்தில் பைத்தானுக்குப் போய்விடுங்கள். அந்தப் பைத்தான் புரோகிராமை ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, அது விட்டுப்போன எண்ணைப் பார்த்து, 0 இல்லையென்றால் மெயில் அனுப்பும் நான்கு வரியாக ஷெல் மிஞ்சினால் போதும்.